கடைசித் துண்டு

அடுத்தவர் எழுதியதைப் பொறுமையாகப் படிப்பது எனக்குப் பிடித்த வேலை. தரவுத்தள மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் அதைத்தான் பார்த்துவந்தேன். மற்றவர்கள் நிரலில் செய்யும் மாற்றங்களைப் படித்து, பிழை இருந்தால் திருப்பி அனுப்புவேன். இல்லையென்றால் ஒப்புதல் தருவேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பார்கள். அது உண்மைதான்.

தம்பியை அங்கே சேர்த்துவிட்டவனும் நான்தான். கெட்டிக்காரன். வந்த கொஞ்ச நாளிலேயே கூட்டங்களில் எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

தற்காலிகக் கோப்புகளைக் கையாளும் பகுதியை அவன் மாற்றி எழுதினான். பெரிய பட்டியலை வரிசைப்படுத்த நினைவகம் போதாதபோது, மென்பொருள் ஒரு பகுதியைத் தற்காலிகக் கோப்பில் போட்டுவைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக எழுதாமல், சேர்த்துவைத்து மொத்தமாக எழுதும்படி அவன் செய்தான். வேகம் கூடியது. ஆனால் கடைசித் துண்டை எழுதும்போது கணினியின் வட்டில் இடம் இல்லாவிட்டால், அது சத்தமில்லாமல் காணாமல் போகும். எழுதியாயிற்றா என்று சரிபார்க்கும் ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தான்.

படித்ததுமே தெரிந்துவிட்டது. சோதித்தும் பார்த்தேன், பட்டியல் வால் அறுந்து வந்தது. திருத்தத்தை எழுதி என்னிடமே வைத்துக்கொண்டேன்.

"எப்படிண்ணா இருக்கு?" என்று வந்து நின்றான்.

"நல்லா வந்திருக்குடா."

ஒப்புதல் கொடுத்தேன். யாராவது புகார் சொல்வார்கள், அப்போது எல்லோர் முன்னாலும் நான் சரிசெய்யலாம் என்றிருந்தேன். தலையில் ஒரு சின்னக் குட்டு. அண்ணன் குட்டாமல் வேறு யார் குட்டுவது?

புதிய பதிப்பு முதலில் ஒரு மருத்துவமனைக்குப் போவது எனக்குத் தெரியும். ஃபோனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். முதல் புகார் வரட்டும் என்று தோன்றியது.

முதல் புகார் ஒரு பெண்ணின் சாவாக வந்தது. பிரசவத்துக்கு வந்தவள். யாருக்கு எந்த மருந்து ஆகாது என்ற பட்டியலின் கடைசியில் அவள் பெயர் இருந்திருக்க வேண்டும். இல்லை. நர்ஸ் ஊசியைப் போட்டுவிட்டார்.

அவள் கணவர் எங்கள் வரவேற்பறையில் குழந்தையின் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரையும் திட்டவில்லை. "இத எழுதினவரப் பாக்கணும்" என்று மட்டும் சொன்னார். தம்பி போய் அவர் எதிரே நின்றான். அந்த நேரத்தில் நான் என் இடத்தில் உட்கார்ந்து திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டாரே என்று என்னைப் பாராட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி கேட்டான்: "நீ படிச்சியேண்ணா. உன் கண்ணுலயுமா படல?"

"படலடா."

"உனக்கே படலன்னா, எனக்கு எப்படிப் பட்டிருக்கும்" என்று என் தோளில் சாய்ந்து அழுதான். அந்த ஆறுதலையாவது நான் அவனுக்குக் கொடுத்தேன்.

வேலையை விட்டுவிட்டான். என்னோடுதான் இருக்கிறான். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் அவன் விரல்கள் வெறும் பலகையில் தட்டச்சு செய்துகொண்டே இருக்கும். அவன் தூங்கும்போதும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது. எழுந்துபோய்ப் பார்த்தால் கைகள் போர்வைக்குள் அசையாமல் கிடக்கும். திரும்பி வந்து படுத்ததும் மறுபடி தொடங்கிவிடும். அது தாங்காமல்தான் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தேன்.

தெரிந்தேதான் விட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். தம்பிக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். பாவம், அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.