செவப்புப் புறாவும் சாம்பல் புறாவும்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டாலும் இரண்டு கடை போட்டவன் நான். என் காதுக்கு எதுவும் தப்பாது. அன்று உக்குவளையிலிருந்து நாலந்தாவுக்குப் போன பஸ்ஸை சோதனைச் சாவடியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் புறாக்கூடையோடு ஒரு தேயிலைத் தோட்டத்து ஆள். அவன் பக்கத்தில் வயதான ஒரு முஸ்லிம் நானா.

“நெறத்துக்காக வளத்தா புறா வீட்ட மறந்துடும், செல்வம்,” என்றார் நானா.

“பொறாம நானா உங்களுக்கு! நீங்க தந்த சாம்பல் புறாவோட செவப்பு விசிறிவால் புறாவ சேத்தேன். இந்த மாதிரி ஒண்ணு உக்குவளையிலேயே இல்ல.”

“அது எங்க வாப்பா காலத்துலருந்து கலக்காத சாதி. அவ்வளவு தூரம் தம்புள்ளையில விட்டாலும் கூட்டுக்கு வந்துடும்.”

“இதுவும் வரும். நாலந்தாவுல விட்டுப் பாக்கத்தானே போறேன்.”

சிப்பாய் கூடையைத் திறந்தான். புறா பறந்து, ஒரு வட்டமடித்து, மணல் மூட்டையில் உட்கார்ந்தது. அவன் சிரித்துக்கொண்டே பிஸ்கட் உதிர்த்துப் போட்டான். தின்றுவிட்டுச் சாவடிக் கூரையில் ஏறிக் குந்திக்கொண்டது.

“வீடு எந்தப் பக்கம்னுகூடப் பாக்கல்லியே!” என்றார் நானா.

செல்வத்தின் குரல் இறங்கியது. “நானா, சாம்பல்ல ஒரு ஜோடி தாங்க. இருந்ததெல்லாம் வித்துட்டேன்.”

“தாறேன். இனிக் கலக்க மாட்டேன்னு நீ கும்புடுற மாதா மேல சத்தியம் பண்ணு.”

செல்வம் கூரையில் இருந்த புறாவின் செவப்பு நிறத்தையே பார்த்தான். சத்தியம் பண்ணாமலே, மூடாத காலிக் கூடையோடு பஸ்ஸில் ஏறினான்.