சாளை பொரியும் சத்தம்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் ஒரு மீன் பை.

"சாளை நெஞ்சுக்கு நல்லதாம் மதினி. ஆனா அது பொரியுற சத்தம் கேட்டா எனக்கு நெஞ்சு அடைக்குது."

"நல்லதுன்னு யாரு சொன்னா?"

"டாக்டரம்மாதான். எனக்குக் கொளுப்பு கூடிருக்காம். சாளை, நெத்திலின்னு சின்ன மீனாச் சாப்பிடுங்க, அதுல இருக்க எண்ணெய்ச் சத்து இருதயத்துக்கு நல்லதுன்னாக."

"அப்ப கொளம்பு வைக்க வேண்டியதுதான?"

"எனக்குக் கொளம்பு போதும். பிள்ளதான் பொரிச்சுக் கேட்டு அழுதா. நேத்து எண்ணெயில போட்டேன். படபடன்னு வெடிக்கவும், பட்டாசுக் கம்பெனி வெடிச்சு எம் வீட்டுக்காரர் கருகிக் கெடந்ததுதான் கண்ணு முன்னால வந்துச்சு. அடுப்பை அமத்திட்டு வாசல்ல வந்து உக்காந்துட்டேன்."

மூத்தவள் மீன் பையின் பக்கம் கையை நீட்டினாள்.

"நீ நல்லா இருந்தாத்தானத்தா அந்தப் பிள்ளைக்கு ஆளு. பையை இங்கன குடு. அவளுக்கு நான் பொரிச்சுத் தாரேன்."

"ஒங்க வீடு அடுத்த வீடுதான மதினி. சத்தம் கேக்குமே."

"கதவை அடைச்சுக்கிடுதேன்."

ஆமத்தூரில் இருவரும் இறங்கினார்கள். பை மூத்தவளின் கையில் இருந்தது.