பெயருக்குப் பதில் சொன்னது சம்மதம் ஆகாது

ஞாயிற்றுக்கிழமை, 9 மார்ச் 2014. காலை 10.15 மணி.

மறைந்த டிரில் மாஸ்டர் அவர்களுக்கான இரங்கல் கூட்டத்தில் சேமப்படையினர் நலச் சங்கத்தின் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்தின் தீர்மானப்படி, மேல்முறையீட்டு வாரியத்தின் பார்வைக்கு ஒரு சொல்லும் குறைக்காமல் அனுப்பப்படுகிறது.

அவைத் தலைவர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! டயர் கடையை இன்று அடைத்துவிட்டு வந்திருக்கும் தோழர்களே! தாய்மார்களே! முன்வரிசையில் மகனோடு அமர்ந்திருக்கும், எனக்குத் தங்கை போன்ற, டிரில் மாஸ்டரின் துணைவியாரான அம்மையாரே! கடைசி வரிசையில், கதவை ஒட்டி அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் படைப்பதிவு அலுவலகத்து நண்பர்கள் இருவரே! உங்களுக்கும் என் வணக்கம். நீங்கள் வருவீர்கள் என்று தெரிந்துதான் இரண்டு நாற்காலி கூடுதலாகப் போடச் சொன்னேன். மின்விசிறிக்குக் கீழே இடம் இருக்கிறது. வசதியாக உட்கார்ந்து, விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். வாசலில் கட்டியிருக்கும் பதாகையில் பிப்ரவரி 25 என்று அச்சாகியிருக்கிறது. தவறு. டிரில் மாஸ்டர் மறைந்தது பிப்ரவரி 24, திங்கட்கிழமை மாலை. அச்சகத்துக்காரரிடம் சொன்னேன். “ஒரு நாள்தானே சார், யாரு பாக்கப் போறா?” என்றார். ஒரு நாள்தானே! ஒரே ஒரு நாளில் நடந்ததற்காக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போராடிய மனிதரைப் பற்றியா இப்படிச் சொல்வது?

அந்த நாள் எது? 2011, நவம்பர் 3, வியாழக்கிழமை.

படையைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். டிரில் மாஸ்டர் பதினெட்டு வயதில் படையில் சேர்ந்தவர். இருபது ஆண்டு முழுநேரப் பணி. அணிவகுப்புப் பயிற்சியும் காலையில் பெயர் கூப்பிடுவதும் அவர் பொறுப்பு. அதன்பின் சேமப்படை. சேமப்படை என்றால் வீட்டில் இருக்கலாம், தொழில் பார்க்கலாம். ஆனால் அழைத்தால் போக வேண்டும். முதல் வரிசையில் இருப்பவர் ஆண்டுதோறும் முகாமுக்குப் போவார். சில ஆண்டுகள் கழித்து இரண்டாம் வரிசைக்கு மாற்றுவார்கள். போர் வந்தால்தான் அழைப்பு. அந்தக் காலமும் முடிந்தால் பூட்ஸையும் சீருடையையும் ஒப்படைத்து, விடுவிப்புச் சான்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். சட்டம் அவ்வளவுதான். அவருடைய காலம் 2011 அக்டோபர் 31 அன்று முடிந்தது. முழுமையாக முடிந்தது!

நவம்பர் 3 அன்று மூட்டையைக் கட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒப்படைக்க வந்தவர்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். “சரிபார்க்கத்தான்” என்பார்கள். பிறகு ஒருவர் படியில் ஏறி நின்று பெயரைக் கூப்பிடுவார். இருபது ஆண்டு, முப்பது ஆண்டு அந்தக் குரலுக்குப் பழகிய மனிதன் என்ன செய்வான்? யோசிப்பானா? விதி எண் என்னவென்று கேட்பானா?

டிரில் மாஸ்டர் சொன்ன சொற்களிலேயே சொல்கிறேன். “நான் சொல்லலைங்க. குதிகால் ரெண்டும் தானா ஒட்டுச்சு. நெஞ்சு தானா நிமிந்துச்சு. ‘ஆஜர் ஐயா’ன்னு ஒரு சத்தம். யாருடா இப்படிக் கத்துறான்னு திரும்பிப் பாக்குறேன், நான்தான்!”

ஆயிரம் பேருடைய பெயரைக் கூப்பிட்டவர், தன் பெயரைக் கேட்டதும் மாட்டிக்கொண்டார். பதிவேட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? “அழைப்புக்குப் பதிலளித்ததன் மூலம், முதல் வரிசையில் மேலும் மூன்று ஆண்டு பணியாற்றச் சம்மதித்தார்.” சம்மதம்! மூட்டையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் நின்று மனைவியிடம் சொன்னாராம்: “பூட்ஸைக் குடுக்கப் போனேன். பூட்ஸோட வந்துட்டேன்.”

அம்மையார் சும்மா விடுவாரா? “உங்களைக் கடைக்கு அனுப்பினாலும் இதே கதைதானே! வாங்கப் போனதைத் தவிர மத்ததெல்லாம் வாங்கிட்டு வருவீங்க.”

சிரியுங்கள் நண்பர்களே! அவரும் சிரித்தார். சிரித்துவிட்டுச் சும்மா இருந்தாரா? இல்லை! தலைமறைவாக ஓடினாரா? இல்லை! முகாமுக்கு வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தாரா? அதுவும் இல்லை! அழைத்தபோதெல்லாம் போனார், போய்விட்டு வந்து வழக்கை நடத்தினார். 2012 ஜனவரி 12 அன்று மேல்முறையீடு செய்தார். ஒரே வரி வாதம்: பெயருக்குப் பதில் சொன்னது சம்மதம் ஆகாது. அதே முற்றத்தில் அதே போல் மாட்டிக்கொண்ட ஆறு பேர் அவர் பின்னால் வந்தார்கள். ஏழு மனுக்களும் ஒன்றாகக் கட்டப்பட்டன. முதல் மனு அவருடையது. அது நின்றால் ஏழும் நிற்கும். அது விழுந்தால் ஏழும் விழும்.

அவர் செய்த அடுத்த காரியம், உலகத்தில் எந்த அணிவகுப்பு ஆசிரியரும் செய்யாதது. இனி யாரும் மாட்டக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் தான் வேலை பார்த்த டயர் கடையில் ஒரு வகுப்பு நடத்தினார். பெயரைக் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருக்கும் வகுப்பு! காலம் முடியப்போகிறவர்கள் வருவார்கள். ஆளுக்கொரு பழைய டயர்மேல் உட்கார வேண்டும். டிரில் மாஸ்டர் ஜாக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்தத் தெருவே அதிரும் குரலில் பெயரைக் கூப்பிடுவார். வாயைத் திறக்கக்கூடாது. முதல் வாரம் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இரண்டாம் வாரம் பேக்கரிக்காரர் ஒரு தட்டு நிறைய பன் கொண்டுவந்தார். ஆளுக்கொன்று வாயில் அடைத்துக்கொண்டார்கள். முடிதிருத்துபவர் பெயர் வந்தது. பன்னோடு சேர்த்து “ஆஜர்” என்று கத்தினார். எதிரே இருந்தவர் சட்டையெல்லாம் தூள்!

“டேய், இன்னொரு தடவை கத்தினே, டயரை எடுத்து உன் வாயில வைப்பேன்” என்றார் மாஸ்டர்.

“மாஸ்டர், நீங்க கொஞ்சம் மெதுவாக் கூப்பிடுங்களேன். அந்தக் குரலைக் கேட்டா எங்க தாத்தாவே எந்திரிச்சு நிப்பாரு!”

“அங்க மெதுவாவா கூப்பிடுவாங்க? உக்காருடா!”

அந்த வகுப்பிலிருந்து போனவர்களில் பதினாறு பேர் வாய் திறக்காமல் நின்று, விடுவிப்புச் சான்றோடு வீடு வந்தார்கள். அவர்களில் பலர் இங்கே இருக்கிறார்கள். இது கோழைத்தனமா? நன்றிகெட்டத்தனமா? அப்படித்தான் ஒருவர் போன மாதம் தேநீர்க் கடையில் பேசினார். அவருக்கு இந்த மேடையிலிருந்தே சொல்கிறேன்: தன் காலத்தை ஒரு நாள் குறையாமல் கொடுத்தவன், வந்த கதவு வழியாக வெளியே போகக் கேட்கிறான். கதவைத் திறக்காமல் வைத்திருப்பவர்தான் வெட்கப்பட வேண்டும்!

இனி பேக்கரிக்காரர். பன் கொண்டுவந்தாரே, அவரேதான். அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவர் காலம் 2013 ஜூன் 30 அன்று முடிந்தது. முற்றத்தில் பெயரைக் கூப்பிட்டார்கள். அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். அசையவில்லை! பிறகு அதிகாரி பக்கத்தில் வந்து, அன்பாக, “என்னப்பா, காது கேக்கலையா?” என்றார்.

“நல்லா கேக்குது ஐயா!” என்றார் நம்மவர்.

எழுதிவிட்டார்கள். பதிலளித்தார், சம்மதித்தார், மூன்று ஆண்டு, முதல் வரிசை. ஏழு மனுக்களில் கடைசி மனு இவருடையது. இவருடைய மனைவி பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார். மாவு பிசைவதற்கும் அடுப்பில் வைப்பதற்கும் நடுவே இவர் மாடிக்கு ஓடிப்போய், அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு இறங்குகிறார். வேறு ஆள் கிடையாது. இவருக்கு மார்ச் 21, வெள்ளிக்கிழமை முகாமுக்கு வர ஆணை வந்திருக்கிறது. ஆறு வாரம். வாரியத்தின் விசாரணை அதற்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 18, செவ்வாய்க்கிழமை. அன்று மாஸ்டரின் மனு உயிரோடு இருந்தால் முகாம் ஆணைக்குத் தடை கேட்கலாம். இல்லையென்றால் பேக்கரிக்காரர் போக வேண்டும். அந்த அம்மாளை யார் புரட்டிப் படுக்கவைப்பது? சட்டத்தில் அதற்கு ஏதாவது பிரிவு இருக்கிறதா?

இந்த நிலையில்தான் நம் மாஸ்டர் போய்விட்டார். கடையில் வேலை முடித்து வந்து, கை கழுவிவிட்டு, கட்டிலில் சாய்ந்தவர். நெஞ்சுவலி. அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 27, வியாழக்கிழமை, பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு மலர் வளையம் வந்தது. பெரிய வளையம். குறுக்கே ஒரு பட்டு நாடா. நாடாவில் பொன் எழுத்தில், “பணியில் இருக்கையில் மறைந்த வீரருக்கு.” கூடவே ஒரு கடிதம்: நினைவுச் சுவரில் அவர் பெயரைப் பொறிப்பார்களாம், ஊதுகொம்பு ஊதுவார்களாம். அதற்குக் கீழே சிறிய எழுத்தில்: இம்மரியாதையைப் பெற்றுக்கொண்டால் அவர் பணியில் மறைந்தார் என்பதைக் குடும்பத்தார் ஏற்றதாகக் கொள்ளப்படும்; நிலுவையில் உள்ள மனு முடிந்துபோகும்.

கவனித்தீர்களா? கூப்பிட்டதற்குப் பதில் சொன்னால் சம்மதம். கொடுத்த வளையத்தை வாங்கினால் சம்மதம். உயிரோடு இருந்தபோது வாயைப் பிடித்தார்கள். இறந்த பிறகு மனைவியின் கையைப் பிடிக்கப் பார்க்கிறார்கள்!

அன்று நான் அங்கே இருந்தேன். வளையம் கொண்டுவந்த ஊழியர் ஒரு தாளை நீட்டினார். அம்மையார் கேட்டார்: “இதுல கையெழுத்துப் போட்டா என்னப்பா அர்த்தம்?”

“ஒண்ணும் இல்லைம்மா. வாங்கிக்கிட்டீங்கன்னு சும்மா ஒரு கையெழுத்து.”

“அவரும் சும்மாதான் ஆஜர்னு சொன்னாரு. போதும்பா. வெயில்ல வந்திருக்கே, தண்ணி குடிச்சிட்டுப் போ.”

தண்ணீர் கொடுத்தார். கையெழுத்துக் கொடுக்கவில்லை. ஊழியர் வளையத்தை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் அது அவ்வளவு எளிதாக முடிந்துவிடவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். லாரி ஓட்டும் மகன் அன்று மாலை வந்தார். “அம்மா, அப்பா பேரு கல்லுல வரும்மா. நாளைக்கு என் பசங்க பாப்பாங்க. வேண்டாம்னு சொல்றதுக்கு நாம யாரு?” என்றார். அது ஒரு பிள்ளையின் நியாயமான ஆசை. அதில் என்ன குற்றம்? அம்மையார் அந்தக் கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு சொன்னார்: “கல்லுல வர்றது இருக்கட்டும்டா. முதல்ல அவங்க ரிஜிஸ்டர்ல இருந்து போகணும். அதுக்குத்தானே அலைஞ்சாரு. பணியில செத்தாருன்னு எழுதுறாங்களே, அவரு எங்க செத்தாரு? என் மடியில தலையை வச்சு, இந்த வீட்டுல செத்தாரு.”

விதியில் ஒரு வழி இருக்கிறது. மனுதாரர் இறந்தால், துணைவி எழுத்துமூலம் கேட்டு மனுவைத் தொடரலாம். ஆனால் அந்தச் சுவரும் ஊதுகொம்பும் கிடையாது. இரண்டில் ஒன்றுதான். அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கும் இல்லை, பேக்கரிக்காரருக்கும் இல்லை. அம்மையார் ஒருவருக்கே உண்டு. பேக்கரிக்காரர் அவர் வீட்டுக்குப் போய், “அக்கா, எங்களுக்காக நீங்க இந்த மரியாதையை விட்டுடாதீங்க. மாஸ்டர் பேரு நிக்கணும்” என்று சொன்னதையும் நான் அறிவேன். அந்தப் பெருந்தன்மையையும் இந்த அவை அறியட்டும்.

இன்று காலை, இந்தக் கூட்டத்துக்குப் புறப்படும் முன்பு, அம்மையார் மனுவைத் தொடரும் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டுவிட்டார்! மகன் சாட்சிக் கையெழுத்திட்டார். “சரிம்மா. ஆனா பதினெட்டாம் தேதி நான்தான் வண்டி ஓட்டுவேன். நீ பஸ்ல போகக்கூடாது” என்பது மட்டுமே அவர் போட்ட நிபந்தனை.

கடைசி வரிசை நண்பர்களே, எழுதிக்கொள்ளுங்கள். மனு சாகவில்லை. மாஸ்டர் இடத்தில் அவர் மனைவி நிற்பார். அவர் பின்னால் ஆறு பேர் நிற்பார்கள். அந்த ஆறு பேருக்குப் பின்னால் இந்த அவை நிற்கும்! எங்கள் டிரில் மாஸ்டரை நீங்கள் படைவீரர் என்று சொல்லுங்கள், பெருமையோடு தலையாட்டுகிறோம். நல்ல ஆசிரியர் என்று சொல்லுங்கள், கைதட்டுகிறோம். உங்கள் ஆள் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2011 அக்டோபர் 31க்குப் பிறகு அவர் உங்கள் ஆள் இல்லை!

பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை வாரியத்துக்கு வரக்கூடியவர்கள் காலை ஒன்பதுக்கு டயர் கடை முன்னால் வந்துவிடுங்கள். ஒன்பது என்றால் ஒன்பது. வர முடியாத தாய்மார்கள் இருவர் அன்று பேக்கரி மாடியில் இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மாள் தனியாக இருக்கமாட்டார். வகுப்பு அடுத்த ஞாயிறு முதல் தொடரும். முடிதிருத்துபவர் நடத்துவார். குரல் போதாது என்கிறார். கத்திப் பழகட்டும்.

நம் மாஸ்டருக்காக இப்போது எழுந்து நிற்போம். யாரும் கட்டளையிட வேண்டாம், நாமாக நிற்போம்.

இணைப்புகள்:

1. மனுவைத் தொடர அம்மையார் அளித்த விண்ணப்பம், 9 மார்ச் 2014 நாளிட்டது.

2. முகாம் ஆணைக்குத் தடை கோரும் பேக்கரிக்காரரின் விண்ணப்பம், மருத்துவர் சான்றுடன்.

3. பூட்ஸ் ஒரு ஜோடி, சீருடை இரண்டு, இடுப்புவார் ஒன்று. இரண்டாம் முறையாக ஒப்படைக்கப்படுகின்றன. ரசீது அனுப்பவும்.

4. பட்டு நாடா ஒன்று. பெற்றுக்கொள்ளப்படவில்லை. மலர்கள் வாடிவிட்டதால் அவற்றை அனுப்ப இயலவில்லை.

5. இறப்புச் சான்றின் நகல். நாள்: 24 பிப்ரவரி 2014. இறந்த இடம் என்ற கட்டத்தில் “வீடு” என்று இருப்பதை வாரியம் தயைகூர்ந்து கவனிக்கவும்.