பழைய சாமான் பொட்டலம்

முழுதாகக் கெட்டுப்போன வண்டியைச் சரிசெய்வது சுலபம், இன்ஸ்பெக்டர் ஐயா. ஒருநேரம் ஓடி ஒருநேரம் நிற்கிற வண்டிதான் மெக்கானிக்கின் மானத்தை வாங்கும்.

காலடிப்பேட்டையில் முப்பத்தொரு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். மற்றவர்கள் கைவிட்ட வண்டியைத் தவசிமுத்துவிடம் கொண்டுபோ என்பார்கள். பகலவனின் வண்டியும் அப்படித்தான் வந்தது. பத்து வருடப் பழைய பெட்ரோல் கார். ஓடும்போதே எஞ்சின் அணைந்துவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். மூன்று இடங்களில் கம்ப்யூட்டர் வைத்துப் பார்த்தும் குறை தெரியவில்லையாம்.

அவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். என் மகள் அடைக்கலமேரி இரண்டு வருடம் முன்பு வீட்டைவிட்டுப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட வியாசர்பாடிப் பையன். அவன் என்ன சாதி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஊரே சொல்லிவிட்டது. என் அப்பா கோயிலில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர். நான் இரண்டு வருடமாகக் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன்.

குறையைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கிராங்க் சென்சார் என்று விரல் அளவில் ஒரு பொருள். எஞ்சின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். உள்ளே தலைமுடி போன்ற கம்பி. அது விட்டுப்போயிருந்தால், குளிரில் ஒட்டிக்கொண்டிருக்கும், சூட்டில் பிரியும். அதைக் கழற்றி மீட்டரில் மாட்டி வெந்நீரில் இறக்கினேன். எண் மறைந்தது. ஆறியதும் வந்தது. பகலவன் புதுப்பேட்டைக்குப் போய்ப் புதிது வாங்கிவந்தான். அதையும் வெந்நீரில் சோதித்த பிறகே மாட்டினேன். எண்ணூர் வரை ஓட்டிவிட்டு வந்தேன். நிற்கவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். நான் அந்த வண்டியைச் சரிசெய்தேன்.

கடை வாசலில் நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் அவன் என் தோளில் கை போட்டான்.

"எத்தினி பேரு பாத்தாலும் நம்ம வூட்டு ஆளு கை வச்சாத்தான் சரியாவுது. இன்னா மாமா?"

யாரோ சிரித்தார்கள். அதுவரை என் வாசலில் நின்று என்னைப் பார்த்து எவரும் சிரித்ததில்லை.

எஞ்சின் ஆற வேண்டும் என்று சொல்லி அவனையும் கூட வந்திருந்த மேரியையும் எதிரே டீ குடிக்க அனுப்பினேன். ஒரே ஒரு போல்ட். புதியதைக் கழற்றினேன், பழையதை மாட்டினேன்.

அவனைக் கொல்ல நினைத்தேன் என்று சொல்ல முடியாது. அந்தப் பழைய சென்சாரைக் கொண்டுவந்தவனே அவன்தான். என் சாமான் எதையும் நான் அந்த வண்டியில் வைக்கவில்லை. காலையில் அந்தப் பழையதோடு ஓட்டிப் பார்த்தபோது இருபதாவது நிமிடத்தில் நின்றது. அவர்கள் குடியிருக்கும் மாத்தூருக்குப் போகிற வழியில், இருபது நிமிடத்தில் மணலிச் சாலை வரும். பின்னால் கன்டெய்னர் லாரிகள் முட்டிக்கொண்டு வரும். மற்றதைக் கர்த்தரிடம் விட்டேன்.

புறப்படும்போது மேரி என்னிடம் பேசினாள். இரண்டு வருடத்தில் அதுதான் முதல் பேச்சு.

"பழச எங்க நைனா? அத்தக் குடுக்காம வுட்டா கடை மானம் இன்னாவுறது?"

மாற்றிய சாமானை வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவது எங்கள் கடை வழக்கம். ஏமாற்றவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. மேசைக்கு அடியில் ஒரு டப்பா நிறையச் செத்த சென்சார்கள் கிடந்தன. ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கலாம். வேறு வண்டிச் சாமானை உன்னுடையது என்று நீட்ட எனக்குக் கை வரவில்லை. அந்த வண்டியிலிருந்து கடைசியாகக் கழற்றியதைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தேன். அவள் பிரிக்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மகள் உள்ளே இருப்பது தெரிந்தும் எப்படி அனுப்பினாய் என்று கேட்டீர்கள். பெல்ட் போடச் சொன்னேன். அவள் போட்டு முடிக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனிடம் சொல்லவில்லை.

லாரி மோதிய இடத்திலேயே அவன் போய்விட்டான். அவள் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கண் தெளிந்ததும் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறாள். பழைய சாமான் பளபளப்பாக இருந்திருக்கிறது. கொழுந்தனை மீட்டர் கொண்டுவரச் சொல்லி, பிளாஸ்க் வெந்நீரில் மூன்று முறை இறக்கினாளாம். மூன்று முறையும் எண் மறையவில்லை. பிறகுதான் உங்களிடம் வந்தாள்.

வேறு ஆளை வைத்து மறுபடி சோதிக்க வேண்டாம், ஐயா. அவள் என் வீட்டுப் பெண். அவள் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும்.

கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். கொன்றேன் என்பது இருக்கட்டும். வாடிக்கையாளரை ஏமாற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை. என் கடையில் யாரும் ஏமாந்ததில்லை.