கட்டிங் டேபிளில் இரண்டு கருந்துளைகள்

— மிஷினை நிப்பாட்டிட்டு இதைக் கொஞ்சம் பாருங்க மதினி. ஆறு மணிக்குள்ள மெயில் போடணும்.

— ஏட்டி காளீஸ்வரி, முப்பது அடுக்கு சட்டைத்துணி விரிச்சு வச்சிருக்கேன். லோடு லேட்டானா உங்க அண்ணன் சத்தம் போடுவாவ.

— போடட்டும். என் ஆராய்ச்சிக் கட்டுரையை வாபஸ் வாங்கச் சொல்லிட்டாங்க.

— யாரு, ஆராய்ச்சிக்கு வழிகாட்டுத உங்க சாரா?

— கட்டுரையைச் சோதிச்சவரு ஒத்துக்கிடல. சாரும் வேற வழி இல்லம்மாங்குதாரு. நாலு வருஷ உழைப்பு மதினி!

— சரி, சரி. அப்படி என்னத்தைக் கண்டுபிடிச்ச?

— ரெண்டு நட்சத்திரக் கூட்டம் மோதி ஒண்ணாச் சேருது. ஒவ்வொண்ணுக்கு நடுவுலயும் ஒரு ராட்சசக் கருந்துளை. ரெண்டும் சுத்தி இருக்க வாயுவை இழுத்து விழுங்குது. விழுகுற வாயு சூடேறி ஜெகஜோதியா மின்னுது. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வெளிச்சம்.

— அப்ப ரெண்டுதான?

— ரெண்டுதான்! எனக்குச் சந்தேகமே இல்ல. சோதிச்சவரு ஒண்ணுதாங்குதாரு. முன்னாடி பாரமான நட்சத்திரக் கூட்டம் ஏதாவது குறுக்க நின்னா, பின்னாடி இருக்க வெளிச்சம் ரெண்டு பக்கமும் வளைஞ்சு வரும். ஒண்ணு ரெண்டாத் தெரியும்.

— அவருக்கு எப்படித் தெரியுமாம்?

— என் படத்தை வச்சுத்தான். இந்தா, ரெண்டு வெளிச்சத்தையும் நிறம் நிறமாப் பிரிச்சு வரைஞ்ச கோடு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தாள். மொதல்ல பாத்தப்ப வேற வேறயாத்தான் இருந்துச்சு, சத்தியமா. இப்ப பாத்தா அச்சு அசலா ஒண்ணு. ஒரே வெளிச்சம்னாத்தான் கோடும் ஒண்ணா வரும்ங்குதாரு. என் படமே எனக்கு எதிரா நிக்கு.

— குடு இங்கன. ஜன்னலைத் திற.

— என்ன மதினி, ஒண்ணு மேல ஒண்ணு வைக்கீங்க?

— வெட்டுன பீஸைச் சரிபாக்குத மாதிரிதான். ஆமாட்டி, ஒண்ணாத்தான் இருக்கு.

— நீங்களுமா!

— பொறு. ஓரத்துல இந்தப் பொடிப் பொடி பிசிறு என்னது?

— தொலைநோக்கிக் கருவியோட இரைச்சல், தானா விழுகுற கிறுக்கல். அதுக்கு அர்த்தம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி வரும்.

— வேற மாதிரி வருமா? நல்லா யோசிச்சுச் சொல்லு.

— கண்டிப்பா. ஏன்?

— ஒரே அடுக்குல முப்பது பீஸ் வெட்டுதேன். கத்தி தடுக்குனா முப்பதுலயும் ஒரே இடத்துல வெட்டு விழும். ஆனா நூல் பிசிறு? எந்த ரெண்டு பீஸுக்கும் ஒண்ணா இருந்து நான் பாத்ததில்ல. இங்க பிசிறு கூட ஒண்ணா இருக்கு. நீ ஒரே பீஸை ரெண்டு தடவை காட்டியிருக்க.

— ஐயோ மதினி! அவரு சொல்லுத மாதிரி இருந்தாக்கூட இரைச்சல் வேறயாத்தான இருக்கணும்! கடைசித் திருத்தம் கோவில்பட்டி பஸ்ஸுல வரும்போது செஞ்சேன். ஒரே ஃபைலை ரெண்டு தடவை போட்டுட்டேன்.

— பாத்தியா! அவசரக்குடுக்கை! படிச்ச புள்ள செய்யுத வேலையா இது?

— இன்னும் சந்தோஷப்படாதீங்க. சரியான ரெண்டாவது படமும் இதே மாதிரி இருந்துட்டா அவரு சொன்னதுதான் சரி.

— எங்கன இருக்கு அது?

— லேப்டாப்புல. திறக்குதேன்.

— உங்க சாருக்கும் போனைப் போடு. என்ன ஆனாலும் உடனே சொல்லிரலாம்.

— ரிங் போகுது. இந்தா, ஃபைலும் வந்துட்டு.

— தள்ளு, நான் பாக்கேன். அந்தத் தாள்ல கோடு ஏறி இறங்குத மேடு ஒல்லியா இருந்துச்சுல்லா?

— ஆமா.

— இதுல நாலு விரக்கடை அகலம். இது வேற துணிட்டி!

— சார், காளீஸ்வரி பேசுதேன். வாபஸ் மெயில் நான் போட மாட்டேன். தப்பு என் படத்துலதான், வானத்துல இல்ல. அங்க இருக்கது ரெண்டு.