துணி ஒருவனிடம், கம்பி ஒருவனிடம்

மாலை ஆறரை மணி. தூறல். மலைச்சாலையில் ஒரு வண்டி இல்லை, ஒரு விளக்கு இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு, கழற்றிய பின்சக்கரத்தை மடியில் வைத்தபடி ஒருவன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

பஞ்சர்.

நில்லுங்கள், அவன் யாரென்று சொல்லிவிடுகிறேன். என்னோடு வேலை பார்க்கிறவனுடைய சித்தப்பா மகன். மிதிக்கும்போது இரண்டு முட்டியும் வெளியே விரியும். அதனால் வீட்டில் அவனுக்கு வாத்து என்று பெயர். சற்று முன்பு நம் நெட்டையன் சொன்னானே, கூடாரத்தைப் பிரித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளலாம், எடை குறையும் என்று... அதைக் கேட்டதும்தான் எனக்கு இது ஞாபகம் வந்தது. பைகளை அப்படியே போட்டுவிட்டு இப்படி நெருங்கி வாருங்கள். விளக்கை அணைக்க வேண்டாம். குறைத்து வை, போதும்.

வாத்தும் அவன் அக்காவின் கணவரும் நம்மைப் போலத்தான் சைக்கிள் பயணத்துக்கு மாதக்கணக்கில் திட்டம் போட்டார்கள். அவரை அவன் மாமா என்பான். மாமா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். மயிரிழை பிசகினாலும் பொறுக்க மாட்டார். வாத்துக்கு மெல்லிய டயர் போட்ட அலுமினிய சைக்கிள் மேல் ஆசை. மாமா விடவில்லை.

"அது ஓட்டப்பந்தயத்துக்குடா. நாம மூட்டை தூக்கப் போறோம். ஸ்டீல்னா உடைஞ்சாலும் எவனாவது ஒருத்தன் வெல்டிங் வெச்சுக் குடுப்பான்."

தடித்த டயர், ஏற்றத்தில் மிதிக்கச் சின்னப் பல்சக்கரம், முன்னும் பின்னும் கேரியர். எல்லாம் அவர் சொன்னபடியே வாங்கினார்கள். பிறகு எடை. அக்காவின் சமையலறைத் தராசைக் கூடத்துக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக நிறுத்தார். பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக அறுத்தார். சட்டைக் காலரில் தைத்திருந்த துணுக்கைக்கூடக் கத்தரித்தார்.

"வாத்தோட மூளையையும் எடுத்து வெச்சுட்டுப் போங்களேன்" என்றாள் அக்கா.

"நிறுத்துப் பார்த்துட்டேன். முள்ளு நகரல."

கடைசியில் கூடாரம். ஆளுக்கொன்று என்றால் கனம் கூடும். ஒன்றே போதும் என்று முடிவு செய்து, அதையும் பிரித்தார். துணி வாத்திடம். கம்பியும் முளையும் கயிறும் அவரிடம். அடுப்பு அவரிடம், அதற்கு ஊற்றும் ஸ்பிரிட் வாத்திடம்.

அக்கா சிரித்தாள். "வழியில சண்டை போட்டுக்கிட்டா? ஒருத்தன் துணியைப் போத்திக்கிட்டு, ஒருத்தர் கம்பியைக் கட்டிப்பிடிச்சுட்டுத் தூங்குவீங்களா?"

"அதுதாண்டி பாதுகாப்பு. பிரியவே முடியாதுல்ல" என்றார் மாமா. அவருக்கு அதில் அத்தனை பெருமை.

கிளம்பும் அன்று அக்கா வாத்தை மட்டும் மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சிரிக்கவில்லை.

"அவரு இறக்கத்துல பிரேக்கே பிடிக்க மாட்டாருடா. நீ கூடவே இரு. கூட்டிட்டுப் போற மாதிரியே கூட்டிட்டு வந்துடு."

"சரிக்கா" என்றான்.

இப்போது அந்தச் சாலைக்கு வாருங்கள்.

வாத்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். மாமா சற்று நேரம் பக்கத்தில் நின்றார். கைகளைத் தேய்த்துக்கொண்டார். மூடுபனி மலைச்சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தது, யாரோ தூங்குகிறவர் மேல் போர்வையை இழுத்துவிடுவது போல, மெதுவாக.

"நான் முன்னாடி போய்ச் சமமா ஒரு இடம் பாத்து வைக்கிறேன். நீ வந்துடு."

இருங்க மாமா, இதோ முடிந்துவிட்டது என்று சொல்ல வாத்து வாயைத் திறந்தான். பற்களுக்கிடையே ஒட்டுத்தாளைக் கடித்திருந்தான். அதை எடுத்துவிட்டு நிமிர்வதற்குள் அவர் கிளம்பிவிட்டார். மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரத்திலிருந்து ஒரு சத்தம் வருமே... டிக் டிக் டிக் டிக். அது இறக்கத்தில் வேகமாகி, ஒரே கோடாக இழுபட்டு, பனிக்குள் போயிற்று.

அப்புறம் ஒன்றுமில்லை.

வாத்து சக்கரத்தை மாட்டிக்கொண்டு இறங்கினான். அடுத்த வளைவில் அவர் இல்லை. அதற்கடுத்த வளைவிலும் இல்லை. கத்திக் கூப்பிட்டான். பனி அந்தக் குரலை வாங்கி வைத்துக்கொண்டது. திரும்பித் தரவில்லை. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. நல்ல விளக்கும் மாமாவிடம்தான் இருந்தது. இருட்டிய பிறகு, சாலையோரக் கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி, இனி முடியாது என்ற இடத்தில் உட்கார்ந்தான்.

தூறல் மழையாயிற்று. கூடாரத் துணியை உருவித் தலையோடு போர்த்திக்கொண்டான். கம்பி இல்லாத துணி, நனைந்து, முகத்தில் ஒட்டியது. மூச்சை இழுத்தால் வாய்க்குள் வந்தது. பல் கிட்டியது. உடம்பு உதறியது. வெகுநேரம் உதறியது. பிறகு உதறல் நின்றுவிட்டது. அது நல்லதற்கில்லை. குளிரில் உதறுகிற உடம்புதான் இன்னும் பிழைக்கப் பார்க்கிறது.

அப்போது கேட்டது.

டிக்... டிக்... டிக்...

கீழேயிருந்து. ஏற்றத்தில். மிதித்து ஏறினால் அந்தச் சத்தம் வராது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தால்தான் வரும். டிக்... டிக்... மிகவும் களைத்துப்போன ஒருவர் தள்ளுவது போல. பக்கத்தில் வந்து நின்றது. நனைந்த கம்பளியின் வாடை. செயின் எண்ணெய் வாடை. அதற்கு அடியில் இன்னொன்று... ஈர இரும்பை நக்கினால் நாக்கில் வருமே, அது.

முகத்தில் ஒட்டியிருந்த துணி மெல்லப் பிரிந்தது. உயர்ந்தது. நான்கு மூலையும் விறைத்து நின்றன. மழை இப்போது தலைக்கு மேலே, தள்ளி, கூரையில் விழுந்தது. உள்ளே குளிர்காற்று வரவில்லை. வெதுவெதுப்புக்கூட வந்தது.

"மாமா?"

தலையை மட்டும் லேசாகத் தூக்கினான்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? உள்ள வாங்க மாமா. நனையறீங்க."

வெளியே, துணிக்கு மிக அருகில், அவர் குரல். "தூங்குடா."

அவ்வளவுதான். வாத்து எழுந்து, ஒதுக்கிவிட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தூக்கம் அவனை முழுசாக இழுத்துக்கொண்டது. நடுவில் ஒரு முறை புரண்டான். கை போய் மூலைக் கம்பியில் பட்டது. சில்லென்று, ஈரமாக, கம்பிக்குத் தகாத பருமனில் இருந்தது. சற்று மேலே தடவினான். ஓர் எலும்பு முட்டு. மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கம், நமக்கெல்லாம் இருக்கிறதே... தொட்டுப் பார்க்காதீர்கள். வேண்டாம்.

கையை எடுத்துக்கொண்டான். மறுபடி அந்தப் பக்கம் புரளவில்லை.

விடிந்ததும் சாலை செப்பனிடும் ஆட்கள் லாரியில் வந்தார்கள். தூரத்திலிருந்தே கூடாரம் தெரிந்ததாம். சுருக்கமே இல்லாமல் நின்றதாம். ஹாரன் அடித்தார்கள். வாத்து தவழ்ந்து வெளியே வந்தான். அவனுடைய இரண்டாவது கால் வெளியே வந்ததும் கூடாரம் அப்படியே தரையில் படிந்தது. சத்தமே இல்லை.

ஒரு ஆள் துணியைத் தூக்கி உதறினார். இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஏம்ப்பா... கம்பி எங்க?"

மாமா, பஞ்சர் ஒட்டிய இடத்துக்கு அடுத்த வளைவிலேயே, பள்ளத்தில் கிடந்தார். கம்பிப் பை அவருடைய கேரியரில் கட்டியது கட்டியபடி இருந்தது. உள்ளே எல்லாக் கம்பிகளும் காய்ந்தே இருந்தன. விழுந்தவுடனே உயிர் போயிருக்கும், இருட்டுவதற்கு முன்பே என்றார் டாக்டர். ஒன்றுதான் அவருக்கும் புரியவில்லை. மாமாவின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே நீட்டி, உள்ளங்கை விரிந்து, விறைத்திருந்தன. பெட்டியில் வைப்பதற்கு மடக்கிப் பார்த்தார்கள். மடங்கவில்லை.

வாத்து அக்காவிடம் எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்.

"தூங்குன்னு சொன்னாரே... நீ வெளிய வந்து பார்த்தியா?"

"இல்லக்கா."

"ஏன்டா?"

"உள்ள கதகதப்பா இருந்துச்சுக்கா."

அவள் அழவில்லை, திட்டவில்லை. அந்தத் துணியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பிறகு பல வாரம் அவன் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. எப்படிப் போவான்? ஒரு நாள் சாயங்காலம் போனான். படுக்கையறையில் கட்டிலை எடுத்துவிட்டிருந்தாள். தரையில் கூடாரம் நின்றது. கம்பி இல்லை, கயிறு இல்லை, ஆணி இல்லை. அக்கா உள்ளே படுத்திருந்தாள்.

"அக்கா... நான் வேணா புதுக் கம்பி வாங்கிட்டு வரட்டுமா?"

"வேண்டாம்டா. அவரு பிடிச்சுட்டுத்தான் இருக்காரு." துணிக்குள்ளிருந்து அவள் குரல் வெகு சாதாரணமாக வந்தது. "ஆனா முன்ன மாதிரி இல்ல. தினம் கொஞ்சம் தாழுது. கை வலிக்குது போல."

வாத்து வாசற்படியிலேயே நின்றான்.

"சும்மாதானே நிக்கிற. நீயும் வந்து ஒரு மூலையைப் பிடியேன்."

போன வாரம், என்னோடு வேலை பார்க்கிறானே, அந்த நண்பன் அங்கே போயிருந்தான். வாத்து வேலைக்குப் போய் ரொம்ப நாளாகிறது, என்னவென்று பார்த்து வரச் சொல்லிச் சித்தப்பா அனுப்பியிருந்தார். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. வீடெல்லாம் நனைந்த கம்பளியின் வாடை. படுக்கையறையில் கூடாரம் சுருக்கமே இல்லாமல் நின்றது. உள்ளே அக்கா தூங்கும் மூச்சு. ஒரு மூலையில் வாத்து, சுவரோரமாக, கைகளைத் தூக்கித் துணியைப் பிடித்தபடி நின்றான். ஒட்டிப்போன கன்னம். முழங்கை வரை நீலம் பாரித்திருந்தது.

"டேய், என்னடா பண்ற? விடுடா" என்று நண்பன் கிட்டே போனான்.

"சத்தம் போடாத" என்றான் வாத்து. "இப்பத்தான் கண்ணசந்தா."

மற்ற மூன்று மூலைகளில் யாரும் இல்லை. அவையும் அதே உயரத்தில் நின்றன. நண்பன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர் மூலை கொஞ்சம் இறங்கியது... துணி ஓரிடத்தில் கசங்கி, இன்னோரிடத்தில் குவிந்தது, பிடியை மாற்றிக்கொள்வது போல... பிறகு மறுபடி, மெல்ல, மேலே ஏறியது.