இடது கை உயரட்டும்

— கையக் கொடுங்க புஷ்பாக்கா. ஏன் முந்தானைக்குள்ளயே வெச்சிருக்கீங்க?

— இன்னொருவாட்டி அந்த ஊசியக் காட்டு காவ்யா. புச்சுதான அது?

— உங்க எதிர்லதான கவரக் கிழிச்சேன். மையும் உங்களுக்குன்னு தனியா ஊத்தினது. கோவில்பதாகையில மூணு வருஷமா பச்சை குத்துற கடை வெச்சிருக்கேன், ஒருத்தருக்கும் சீழ் புடிச்சதில்ல.

— சகோதரி, என் துணைவியார் சற்றே தயங்குகிறார். அச்சம் என்பது எங்கள் இயக்கத்தின் அகராதியிலேயே கிடையாது. நாளை தலைவரின் பிறந்தநாள். ஆயிரம் பெண்கள். ஆயிரம் இடது கைகள். ஒவ்வொன்றிலும் தலைவரின் கையொப்பம். வானத்திலிருந்து ட்ரோன் எண்ணப்போகிறது.

— ராஜசேகரன் சார், மெதுவாவே பேசலாம். கடை சின்னதுதான்.

— வட்டச் செயலாளரின் மனைவி கையே இல்லையென்றால் எண்ணிக்கை தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. வரலாறு என்னை என்ன கேட்கும்?

— காவ்யா, எட்து கை வாணாம்மா.

— ஏங்கா?

— மார்ல கட்டின்னு ஆபரேசன் பண்ணாங்க. அக்குள்ல நெறி கட்டுமே, அந்த முடிச்சுங்கள பூரா எட்த்துட்டாங்க.

— புஷ்பா. வெளியில் மூச்சு விடக்கூடாது என்றேனே.

— குத்தப்போறவகிட்ட சொல்லாம யாராண்ட சொல்றது? ஒரு கொசு கட்ச்சாலே கைய தடவித் தடவிப் பாக்கறேன். மீன் கழுவறப்ப முள்ளு ஏறுச்சுன்னா அன்னிக்கு சோறு எறங்காது. ஒருக்கா வீங்கிச்சுன்னா முழுசா வடியவே வடியாதாம், டாக்டரம்மா சொல்லிக்கீறாங்க.

— சரியாத்தான் சொல்லியிருக்காங்க. கிருமி உள்ள போச்சுன்னா அந்தக் கை தாங்காது. நான் அதுல ஊசி வெக்கமாட்டேன் சார். வேணும்னா உங்க கையில போட்டுக்கங்க.

— நானா? இது மகளிர் நிகழ்ச்சியம்மா. தவிரவும் ஊசி என்பது எனக்கு... கொள்கையளவில் ஒத்துவராது.

— ரத்ததான முகாம்ல ரிப்பன் வெட்டிட்டு பின்பக்கமா நழுவி வந்துட்ட ஆளு.

— அன்று ஓர் அவசரக் கூட்டம் இருந்தது. சரி சகோதரி, வலது கையில் போடுங்கள். அவ்வளவு உயரத்தில் ட்ரோனுக்கு இடம் வலம் எங்கே தெரியப்போகிறது.

— வலது கைன்னாலும் டாக்டர் எழுதித் தரணும் சார். வைத்தியமெல்லாம் முடிஞ்சு உடம்பு தேறிடுச்சான்னு தெரியாம நான் தொடமாட்டேன்.

— இந்தா. சீட்டு.

— 'சிகிச்சை முடிந்தது. வலது கையில் மட்டும், சிறியதாகச் செய்யலாம். காய்ச்சலோ சிவப்போ வந்தால் உடனே வரவும்.' பத்து நாளைக்கு முன்னாடி வாங்கியிருக்கீங்களே அக்கா. நீங்களேவா போய்க் கேட்டீங்க?

— ரெண்டு பஸ்சு மாறிப் போய்க் கேட்டேன்.

— பார்த்தீர்களா சகோதரி. நான் வாய் திறக்கும் முன்பே செயலில் இறங்கிவிட்டார். இதுதான் தொண்டனின் குடும்பம். இருங்கள், அந்தச் சீட்டோடு ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்.

— அக்கா, வலது கையையும் முந்தானைக்குள்ள இழுத்துக்கறீங்க. இன்னொரு நாள் பாக்கலாமா?

— வாணாம், இன்னிக்கே. இந்தா கை. எழுதிக்க காவ்யா. தலைவரு கையெழுத்து வாணாம். 'இடது கையில் ஊசி போடாதீர், பிரஷர் பார்க்காதீர்.' அம்புட்டுதான்.

— என்ன புஷ்பா இது? நாளை மேடையில் நான் எந்த முகத்தோடு நிற்பேன்? அதைச் சொல்லத்தான் கூடவே நான் இருக்கிறேனே.

— போன மாசம் மயங்கி வுழுந்தேனே, அப்பவும் நீதான் கூட இருந்த. இன்னா ஆபரேசன்னு நர்சு கேட்டாங்க, கட்சிக்காரங்க சுத்தி நிக்கறாங்கன்னு பித்தப்பைன்னு சொன்ன. நான் கண்ணு முழிச்சப்ப எட்து கையிலதான் ட்ரிப் ஏறிக்கினு இருந்துச்சு.